தோற்றவனுக்கு வைத்த பிளக்ஸ்

காலை ஆறரை மணிக்குப் பெருமாள் போன் செய்தான். நான் நெய்யூரில் எங்கள் வீட்டு அடுக்களையில் ஆப்பச் சட்டியைச் சுழற்றிக்கொண்டிருந்தேன். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன்.

"யக்கா, பெல்ட்டு எங்கிட்ட இருக்கு" என்றான். "பேப்பர்ல அது சஜின்கிட்ட இருக்கு. அது எப்பிடிக்கா?"

சட்டி கையில் அப்படியே நின்றுவிட்டது. மாவு ஒரு பக்கமாக ஓடித் திரண்டது. அந்த ஆப்பம் பிறைநிலா மாதிரி வெந்தது. வேறு யாருக்கும் வைக்க முடியாமல் நானே தின்றேன்.

பெருமாள் தோவாளைக்காரன். குடும்பமே பூ வியாபாரம். சஜின் புதுக்கடைக்காரன். முந்தைய நாள், ஞாயிற்றுக்கிழமை, நாகர்கோவிலில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூண்டு போட்டு எம்எம்ஏ போட்டி நடந்தது. குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாம் ஒரே ஆட்டத்தில் கலந்து வரும் சண்டை அது. ஜெயிப்பவனுக்குப் பரிசாகத் தரும் பெல்ட்டுக்கான கடைசி ஆட்டம் இவர்கள் இருவருக்கும். படம் எடுத்ததும் நான், செய்தி எழுதியதும் நான். சஜின் வென்றான் என்று எழுதியிருந்தேன்.

"நீயா ஜெயிச்ச?" வாய் தவறி வந்துவிட்டது.

மறுமுனையில் யாரோ பூவை முழம் போட்டு எண்ணும் சத்தம் கேட்டது.

"நீங்க அங்கதானக்கா இருந்திய?"

இருந்தேன். கடைசி மணி அடிக்கும்வரை இருந்தேன். நடுவர்கள் தீர்ப்புச் சொன்னபோதுதான் இல்லை.

"எங்கம்மை ராத்திரி பெல்ட்ட தலைமாட்டுல வச்சுப் படுத்திருந்தா. காலம்பற பேப்பரப் பாத்துட்டு, 'ஏலே, இத யாருகிட்ட இருந்து தூக்கிட்டு வந்த'ன்னு கேக்கா. நான் என்ன சொல்லட்டும்?"

மணப்பெண்ணும் சண்டைக்காரனும்

இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்கு இரண்டு வேலைகள். ஒன்று கல்யாணப் படம் எடுப்பது. அலங்கார அறைக்குள் வந்து எடுக்கப் பெண் வேண்டும் என்று கேட்கும் வீடுகள் இங்கே நிறைய. பத்மநாபபுரம் அரண்மனை வாசலில் எத்தனை ஜோடிகளைச் சுற்றுலாப் பயணிகள் விலகும்வரை வெயிலில் நிற்க வைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

மற்றொன்று இந்தச் சண்டைகள். சில வருடங்களுக்கு முன் என் ஸ்டுடியோவுக்கு மேல்மாடியில் இந்தச் சண்டை சொல்லிக்கொடுக்கும் ஒரு ஜிம் வந்தது. பையன்கள் விழும்போதெல்லாம் என் கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. சண்டை போடப் போனேன். போன இடத்தில், அடையாள அட்டைக்கு ஆளுக்கொரு படம் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். அப்படித்தான் ஆரம்பம். பிறகு ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்துக்குச் செய்தியும் எழுத ஆரம்பித்தேன்.

முதல் போட்டியில் ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்ததை இரண்டு வாரத்துக்கு முன் எழுதியிருந்தேன். "இப்ப செரியாயிட்டா?" என்று மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். ஆயிட்டு.

இரண்டு வேலைக்கும் பெரிய வித்தியாசமில்லை என்பதுதான் என் எண்ணம். மணப்பெண்ணும் சண்டைக்காரனும் காலையிலிருந்து ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். இருவர் முகத்திலும் யாராவது எதையாவது பூசிக்கொண்டே இருப்பார்கள், அங்கே பவுடர், இங்கே புருவம் கிழியாமலிருக்க வாசலைன். இருவரையும் சுற்றிப் பத்துப் பேர் நின்று யோசனை சொல்வார்கள். உள்ளே போகும் நேரத்தில் இருவரும் ஒரே மாதிரிதான் எச்சில் விழுங்குகிறார்கள்.

கஷ்டம் எழுதுவதில்தான். பின்னாலிருந்து கழுத்தைக் கையால் இறுக்கும் பிடிக்கு நான் 'கழுத்துப் பூட்டு' என்று எழுதி அனுப்பினேன். மறுநாள் 'கழுத்தில் பூட்டு மாட்டினார்' என்று வந்தது. அன்றைக்கு மேல்மாடிப் பையன்கள் ஒரு பெரிய பூட்டை என் ஸ்டுடியோ கதவில் தொங்கவிட்டுப் போனார்கள்.

அந்த ஒரு படம்

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாமே தாமதம். முதலுதவிக்கு வர வேண்டிய டாக்டர் வரவில்லை, டாக்டர் இல்லாமல் மணி அடிக்கக் கூடாது. காலையில் தொடங்க வேண்டிய போட்டி மதியம்தான் தொடங்கியது. எனக்குச் சாயங்காலம் தக்கலையில் ஒரு கல்யாண வரவேற்பு. பெண்ணின் அம்மா மூன்று முறை கூப்பிட்டுவிட்டார்.

கடைசி ஆட்டம் தொடங்கும்போது என் பை தோளில் இருந்தது.

முதல் ரவுண்டில் சஜின் நன்றாக ஆடினான். இரண்டாவதில் பெருமாள் அவனைக் கம்பிவலையோடு சேர்த்து அழுத்தி மூச்சு வாங்க வைத்தான். ஆக, ஆளுக்கு ஒன்று. மூன்றாவதுதான் முடிவு.

கூண்டுக்கு வெளியே நின்று படம் எடுக்க லென்ஸை வலையோடு ஒட்டி வைக்க வேண்டும். அப்போதுதான் கம்பி படத்தில் தெரியாது. உள்ளே யாராவது வந்து மோதினால் கேமரா நம் மூக்கில் மோதும். என் மூக்கு கொஞ்சம் கோணலாக இருப்பதற்கு அதுதான் காரணம் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

மூன்றாவது ரவுண்டு தொடங்கிய கொஞ்ச நேரத்தில் சஜின் குனிந்தான். பெருமாளின் இரண்டு தொடைகளையும் வாரித் தூக்கினான். தோளுக்கு மேலே. பெருமாளின் கால்கள் மண்டபத்துச் சரவிளக்கைத் தொடுவதுபோல் போயின. நான் அழுத்தினேன்.

கிடைத்துவிட்டது என்று விரலுக்கே தெரிந்தது. எத்தனையோ ஆட்டம் எடுத்தபிறகு ஒருமுறை கிடைக்கும் படம். மேலே வியர்வைத் துளிகள் சிதறி நிற்கின்றன. கீழே சஜினின் கழுத்து நரம்பு ஒவ்வொன்றும் தெரிகிறது.

அதற்குப் பிறகும் என் கை அழுத்திக்கொண்டுதான் இருந்தது. மனசு பார்க்கவில்லை. அந்தப் படத்தை எந்தப் பத்திரிகை எவ்வளவு பெரிதாகப் போடும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மணி அடித்ததும் ஸ்கூட்டருக்கு ஓடினேன். தக்கலையில் மணப்பெண் சேலை மாற்றும் இடைவெளியில் செய்தியைத் தட்டி, படத்தோடு அனுப்பினேன். "மூன்றாவது சுற்றில் எதிராளியைத் தலைக்கு மேல் தூக்கி வீசி வெற்றி பெற்றார் சஜின்."

யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. படம்தான் சொன்னது.

பெருமாளின் போனை வைத்ததும் பத்திரிகை அலுவலகத்தைக் கூப்பிட்டேன். டெஸ்கில் இருந்தவர் பெருமூச்சு விட்டார். நாளைக்குத் திருத்தம் போடலாம் என்றார். சஜினைக் கூப்பிட்டேன், போன் அணைந்திருந்தது. பத்து மணிவாக்கில் மேல்மாடிப் பையன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். புதுக்கடை சந்திப்பில் வைக்க அச்சாகிக்கொண்டிருக்கும் பிளக்ஸ். நடுவில் நான் எடுத்த படம். 'எங்கள் மண்ணின் மைந்தன் சஜினின் வெற்றிக்கு வாழ்த்துகள்.' கீழே, மாலை ஐந்து மணிக்கு வரவேற்பு, செண்டை மேளம்.

புதுக்கடை சந்திப்பில்

நான் போய்ச் சேர்ந்தபோது சந்திப்பில் வெயில் ஏறியிருந்தது. சஜினைப் பேக்கரிக்குப் பின்னால், சர்பத் பாட்டில் அடுக்கும் இடத்தில் கண்டுபிடித்தேன். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. கையில் பழம்பொரி. தின்னாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

"எக்கா, எதுக்கு இப்படி எழுதினீங்க?"

"தப்புப் பண்ணிட்டேன். நாளைக்குத் திருத்தம் வரும்."

"நாளைக்கா?" அவன் முகம் இன்னும் வெளுத்தது. "வேண்டாம்க்கா. ஒரு வாரம் கழிச்சுப் போடச் சொல்லுங்க."

பிறகுதான் விஷயத்தைச் சொன்னான். அவனுடைய அப்பா செல்வராஜ் மஸ்கட்டில் நெடுங்காலம் இருந்துவிட்டு வந்து சந்திப்பில் பைப்பும் பெயிண்டும் விற்கிறார். மகனையும் அங்கே அனுப்ப விசா எடுத்துவைத்திருந்தார். இவன் போகவில்லை. மார்த்தாண்டத்தில் ஒரு ஜிம்மில் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டான். அன்றிலிருந்து அப்பாவும் மகனும் நேரே பேசுவது நின்றது. "உனக்க மோன் சாப்பிட்டானா" என்று அம்மாவிடம் கேட்பார். "அப்பாகிட்ட சொல்லுங்க, சாப்பிட்டாச்சு" என்று இவன் சொல்வான். ஒரே மேசையில் இருந்துகொண்டு.

"நேத்து நான் வந்தப்போ தூங்கிட்டாரு. காலத்த பேப்பரும் கையுமா வந்து எழுப்புனாரு. நான் கண்ண முழிக்குததுக்குள்ள கெட்டிப்பிடிச்சிட்டாருக்கா. விடவே இல்ல. தோத்துட்டேன்னு எப்படிப் பறைய?"

கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அந்தக் காலை நேரத்தை எடுக்க நான் அங்கே இல்லையே என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்து, பெல்ட்டைத் தலைமாட்டில் வைத்துப் படுத்த அந்தத் தோவாளை அம்மாவின் ஞாபகம் வந்தது.

"ஒரு வாரம் தள்ள முடியாது மக்கா" என்றேன். "ஜெயிச்சவன் ஒருத்தன் அங்க இருக்கான். நான் போய் உங்க அப்பாகிட்ட சொல்லுதேன். தப்பு என்னுது."

சஜின் பழம்பொரியை ஒரே வாயில் போட்டு மென்று விழுங்கினான்.

"வேண்டாம். நானே சொல்லுகேன். நீங்க பக்கத்துல நின்னா போதும்."

ஏணியின் மேல் ஒருவர்

செல்வராஜ் கடைக்கு முன்னால் ஏணியில் நின்று பிளக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார். ஆள் ஒல்லி, வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், வாயில் கயிறு. கீழே பிளக்ஸ் அச்சடித்த ஊர் கிளப்பைச் சேர்ந்த நாலு பேர் இடது பக்கம் தாழ்ந்திருக்கிறது, வலது பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா" என்றான் சஜின்.

"அந்தக் கயிறப் பிடி மக்கா. காத்தடிச்சா கிழிஞ்சு போவும்."

சஜின் கயிற்றைப் பிடித்தான். பிடித்துக்கொண்டே சொன்னான்.

"அப்பா, நான் ஜெயிக்கல்ல. தோத்துட்டேன். பேப்பர்ல தப்பாட்டு வந்துட்டு."

கீழே நின்றவர்களின் கத்தல் நின்றது. செல்வராஜ் வாயிலிருந்த கயிற்றை எடுத்தார். ஒவ்வொரு படியாக இறங்கினார். அவ்வளவு நீளமான ஏணியை நான் பார்த்ததில்லை.

"தப்பா எழுதினது நான்தான்" என்று முன்னால் போனேன். "படம் எடுத்ததும் நான்தான். என் பேரு ஷீபா."

"நீங்க அங்க நின்னியளா?"

"மூணு ரவுண்டும் நின்னேன்."

"தீர்ப்புச் சொல்லும்போ?"

"இல்ல. ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டேன்."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"காலத்த நான் பிடிச்சப்போ நீ ஏன் ஒண்ணும் பறையல்ல?"

"நீங்க விடல்லியே, அப்பா."

செல்வராஜ் கடைக்குள் போய்விட்டார். நாலு பேரில் ஒருவர் பிளக்ஸை அண்ணாந்து பார்த்து, "அவுக்கணுமா, வேண்டாமா?" என்று கேட்டார்.

கடைக்குள் ஒரு நடுவர்

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது. "அந்தப் படம் எல்லாம் இருக்கா?"

இருந்தது. மெமரி கார்டை அவருடைய பில் போடும் கம்ப்யூட்டரில் செருகினேன். டர்பன்டைன் வாசனை மூக்கில் ஏறியது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்தார். சஜின் வாசலில், வெளியேயும் இல்லாமல் உள்ளேயும் வராமல் நின்றான்.

மகன் சண்டை போட்டு அவர் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு படமாகத் தட்டினார். நான் ரவுண்டைச் சொன்னேன். முதல் ரவுண்டில் அவர் முதுகு நிமிர்ந்தது. இரண்டாவதில் சஜினின் மூக்கிலிருந்து ரத்தம் வழியும் படம் ஒன்று. திரையில் தூசி என்று நினைத்தாரோ என்னவோ, கட்டைவிரலால் துடைத்தார். போகவில்லை. அடுத்த படத்துக்குப் போக அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

மூன்றாவது ரவுண்டு. தூக்கும் படம் வந்ததும், "இது உள்ளதுதானே?" என்றார்.

"உள்ளதுதான்."

அதற்குப் பிறகு வந்த படங்களை நானும் அவரோடு சேர்ந்து அப்போதுதான் முதல்முறை பார்த்தேன். கீழே விழுந்த பெருமாள் விழுந்த வேகத்திலேயே உருண்டிருக்கிறான். அடுத்த படத்தில் அவன் மேலே, சஜின் கீழே. அதற்கடுத்ததிலும். மணி அடிக்கும்வரை அப்படியேதான். அத்தனையும் நான் எடுத்த படங்கள். என் கண்ணுக்கு முன்னால் நடந்ததை, பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்து முந்தைய நாள் நாகர்கோவில் பக்கமே வராத ஒருவர் எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

கடைசிப் படம் முடிந்தது. செல்வராஜ் கண்ணாடியைக் கழற்றினார்.

"ரெண்டாவது அந்தப் பையனுக்கு. மூணாவதும் அவனுக்குத்தான்" என்றார். "தூக்கினது இவன். ஆனா பின்ன முழுக்க மேல இருந்தது அவன். தீர்ப்பு செரிதான்."

வாசலில் நின்ற சஜின் ஒரு அடி உள்ளே வைத்தான்.

"இஞ்ச வா" என்றார் அப்பா. "இதப் பாரு. இதையும் பாரு. நீ அடிக்கும்போ எல்லாம் இடது கை தாழுது. உனக்க கோச்சு ஒண்ணும் சொல்லமாட்டாரா?"

"சொல்லிட்டேதான் இருக்காரு."

"பின்ன?"

சஜின் அப்பாவின் பக்கத்தில் இன்னொரு டப்பாவை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இருவரும் மறுபடி முதல் படத்திலிருந்து ஆரம்பித்தார்கள். நான் எழுந்து வெளியே வந்து ஒரு டீ குடித்தேன். அம்மா வழியாகப் போகாமல் இருவரும் நேரே சண்டை போட்டுக்கொண்டிருக்கும் சத்தம் தெருவரை கேட்டது.

மேளக்காரர்கள் வந்தாயிற்று

நாலரை மணிக்குச் செண்டைக்காரர்கள் வேனில் வந்து இறங்கிவிட்டார்கள். செல்வராஜ் என்னிடம் பெருமாளின் எண்ணைக் கேட்டு வாங்கி அவனைக் கூப்பிட்டார்.

"மக்களே, நான் சஜினுக்க அப்பன் பேசுகேன். நேத்து ஜெயிச்சது நீயாமே. படம் எல்லாம் பார்த்தேன், நீதான். இஞ்ச மேளம் வந்து நிக்குது. வாறியா?"

அந்தப் பக்கம் என்ன சொன்னானோ, இவர் சிரித்தார். நான் அவர் சிரித்துப் பார்த்தது அதுதான் முதல்முறை.

பிறகு மறுபடி ஏணியில் ஏறினார். பிளேடை எடுத்து, 'வெற்றிக்கு' என்ற சொல்லை மட்டும் சதுரமாக அறுத்து எடுத்தார். ஓட்டை வழியே எதிர்ப்பக்க மருந்துக்கடையின் பச்சைப் பலகை தெரிந்தது.

ஐந்து மணிக்குக் கூட்டம் சேர்ந்தது. சஜின் மைக்கைப் பிடித்தான். "எல்லாருக்கும் வணக்கம். நான் நேத்து தோத்துட்டேன்" என்றான். கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது.

"ஏலே, அப்ப மேளத்த என்ன செய்ய?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"அடிக்கச் சொல்லு" என்றார் செல்வராஜ். "மூணு ரவுண்டு நின்னிருக்கான்ல?"

அடித்தார்கள். புதுக்கடையில் பஸ்ஸெல்லாம் நின்றது. கண்டக்டர்கள் இறங்கி விஷயம் கேட்டார்கள். தோற்றவனுக்கு வரவேற்பு என்று யாரோ சொல்ல, ஒரு கண்டக்டர் அப்படியா என்று கேட்டுவிட்டு வந்து கைகொடுத்துப் போனார்.

மேளம் முடியும் தறுவாயில் பெருமாள் பைக்கில் வந்து சேர்ந்தான். இடுப்பில் பெல்ட். பின்னால் அவனுடைய அம்மா, மடியில் வாழையிலை சுற்றிய பிச்சிப்பூ மாலைகள், ஒன்றல்ல இரண்டு. அவர் இறங்கியதும் என்னைத்தான் தேடினார்.

"நீதான் பேப்பர்ல எழுதுற பிள்ளையா? நாளைக்குச் சரியா எழுதுவியா?"

"எழுதுவேன்மா."

"எழுதினா சரி" என்று ஒரு மாலையை எடுத்து, வீங்கிய கண்ணோடு நின்ற சஜினின் கழுத்தில் போட்டார். "என் மோன இப்பிடித் தூக்கிட்டியேல, பாவி" என்று அவன் தலையில் ஒரு தட்டும் தட்டினார்.

பெருமாள் இதற்குள் பிளக்ஸின் கீழே போய் நின்றிருந்தான். அண்ணாந்து, எழுத்துக்கூட்டி வாசித்தான். "எங்கள் மண்ணின் மைந்தன் சஜினின்... வாழ்த்துகள்." திரும்பி எல்லோரையும் பார்த்தான்.

"எனக்குத்தானே?"

அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் செண்டைக்காரர் ஒருவர் கோலைக் கீழே போட்டுவிட்டார். நான் படம் எடுத்தேன். எல்லாரும் அசைந்துவிட்டார்கள், ஒன்றும் தெளிவாக வரவில்லை.

மறுநாள் திருத்தம் வந்தது. உள்பக்கத்தில், ஒரு ரேடியேட்டர் விளம்பரத்துக்குக் கீழே, மூன்று வரி. பெருமாள் வென்றார், செய்தியில் தவறுதலாக வேறு பெயர் வந்தது, வருந்துகிறோம். தோவாளையிலிருந்து பெருமாளின் செய்தி இரண்டே வார்த்தையில் வந்தது: "அம்மைக்குத் திருப்தி."

ஒன்பது மணிக்குச் செல்வராஜ் கூப்பிட்டார்.

"படிச்சேன் மக்களே. அவன் ஜெயிச்சான்னு போட்டது செரி. ஆனா முதல் ரவுண்டு எங்க?"

"எந்த முதல் ரவுண்டு?"

"முதல் ரவுண்டு இவனுக்குத்தானே? நடுவர் மூணு பேரும் இவனுக்குத்தான் குடுத்திருக்காங்க. நான் ஜிம்முல கேட்டுட்டேன். இதப் படிக்கவங்க இவன் மூணு ரவுண்டும் தோத்தான்னுல்லா நினைப்பாங்க?"

நியாயம். டெஸ்கைக் கூப்பிட்டுச் சொன்னேன். திருத்தத்துக்குத் திருத்தம் போடும் வழக்கம் தங்கள் பத்திரிகையில் இல்லை என்றார்கள். செல்வராஜ் விடவில்லை. அவர் கடைக்கு நான் பைப் வாங்கப் போனாலும் கேட்பார், வழியில் கண்டாலும் கேட்பார். இப்போது மகனின் எல்லாப் போட்டிக்கும் வருகிறார், கூண்டுக்குப் பக்கத்தில் நின்று இடது கை, இடது கை என்று கத்துகிறார். இடைவேளையில் என்னிடம் வந்து, "அது போட்டியளா?" என்கிறார்.

இந்தத் தொடர் என்னுடையது, இதில் என்ன எழுதலாம் என்று எனக்கு யாரும் சொல்வதில்லை. ஆகவே செல்வராஜ் அண்ணனுக்காக, தெளிவாக எழுதிவிடுகிறேன்.

முதல் ரவுண்டு சஜினுக்கு. மூன்று நடுவர்களும் ஒருமனதாக.